ஸ்கேனருக்குத் தெரியக் கூடாதவை

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பட்டியலில் 42 என்று ஓர் எண் வந்தால், அதற்கு மூன்று பொருளாவது இருக்கலாம். ஐரோப்பிய முறையில் அது ஷூவின் சைஸ். அந்த முறையில் ஓர் எண்ணுக்கு ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. ஆக 42 என்றால் ஷூவுக்கு உருவம் கொடுக்கும் ‘லாஸ்ட்’ என்ற அச்சின் நீளம் 28 சென்டிமீட்டர். சுங்கத் துறைக்கோ 42 என்பது தோல் பைகளும் பிற தோல் பொருள்களும் அடங்கும் அத்தியாயத்தின் எண். உலக நாடுகள் பொதுவாகப் பின்பற்றும் சரக்கு வகைப்பாட்டில் பச்சைத் தோலும் பதனிட்ட தோலும் 41-ல் வரும், காலணி 64-ல் வரும். மூன்றாவதாக, பெட்டிக்குள் 42 ஜோடி இருக்கிறது என்று மட்டும் அது சொல்லலாம். கணக்குப்பிள்ளை இதில் தடுமாற மாட்டார். எந்தக் கட்டத்தில் எண் இருக்கிறது என்று பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிடும். இதே பட்டியலைப் படிக்கக் கணினிக்கு ஒரு நிரல் எழுத உட்காரும் மாணவர் தடுமாறுவார். தடுமாற்றத்துக்குக் காரணம் அவருக்கு எண்ணின் பொருள் தெரியாதது அல்ல. தெரிந்த பொருளையெல்லாம் முதல் படியிலேயே நிரலுக்குள் திணிக்கப் பார்ப்பதுதான் காரணம். வடிவ விதி எழுதக் கற்பது பெரும்பாலும் எதை எழுதாமல் விடுவது என்று கற்பதுதான் என்பது என் வாதம்.

பட்டியலைப் படிக்கும் நிரலானாலும் சரி, நிரல்மொழியைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலரானாலும் சரி, வழக்கமான முதல் படி ஸ்கேனர். நீளமாக வரும் எழுத்துகளை அது ‘எண்’, ‘பெயர்’, ‘குறி’, ‘மேற்கோள்’ என்று துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வகைப் பெயர் கட்டி அடுத்த படிக்கு அனுப்பும். அந்தத் துண்டுக்குத்தான் டோக்கன் என்று பெயர். எப்படி வெட்டுவது என்று சொல்லும் வடிவ விதிகளை ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்னும் சுருக்கக் குறியீட்டில் எழுதுகிறோம். [0-9]+ என்றால் ஓர் இலக்கமோ அதற்கு மேலோ தொடர்ந்து வருவது. இந்தக் குறியீட்டுக்கு வேர் கணினிக்கு வெளியே இருக்கிறது. நரம்பணுக்களை எளிய தர்க்கப் பொறிகளாகக் கருதி மெக்கல்லக்கும் பிட்ஸும் 1943-ல் எழுதிய கட்டுரையை எடுத்துக்கொண்டு, அப்படிப்பட்ட பொறி எந்தெந்தத் தொடர்களை அடையாளம் காணும் என்று கேட்டவர் ஸ்டீவன் கிளேனி என்ற கணிதவியலாளர். 1951-ல் அவர் எழுதிய விடை 1956-ல் அச்சானது. கென் தாம்சன் 1968-ல் அதை உரை தேடும் நிரலாக்கினார். 1975-ல் பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க்கும் எரிக் ஷ்மிட்டும் ‘லெக்ஸ்’ செய்தார்கள். விதிகளை எழுதிக் கொடுத்தால் ஸ்கேனரை அதுவே எழுதித் தரும். (அந்த ஷ்மிட்தான் பிற்காலத்தில் கூகுளின் தலைவரானவர்.) 1987-ல் வெர்ன் பாக்சன் எழுதிய ‘ஃப்ளெக்ஸ்’ இதன் வாரிசு. பொறியியல் கல்லூரிகளின் கம்பைலர் பாடத்தில் இன்றும் கைக்கு வரும் கருவிகள் இவைதான்.

லெக்ஸுக்கும் ஃப்ளெக்ஸுக்கும் இரண்டே சட்டம். பல விதிகள் பொருந்தினால் மிக நீளமாகப் பொருந்துவது வெல்லும். நீளமும் சமமானால் முதலில் எழுதிய விதி வெல்லும். இவற்றைத் தவிர ஸ்கேனருக்கு எந்த அறிவும் கிடையாது. தோல் பதனிடும் ஷாப்பில் பரப்பளவு அளக்கும் இயந்திரத்தைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். தோல் உள்ளே போனால் இத்தனை சதுர அடி என்று எண் வரும். ஆடா மாடா, கீறல் உண்டா, இது எந்த ஷூவுக்குப் போகும் என்பதெல்லாம் இயந்திரத்தின் கவலை இல்லை. தரம் பிரிப்பவர் வேறு இடத்தில் இருக்கிறார். அளக்கும் இயந்திரத்தையே தரமும் பிரிக்கச் சொன்னால் இரண்டு வேலையும் கெடும்.

தொடக்கக்காரர் செய்யும் பிழைகள் சிலவற்றைப் பார்த்தாலே இது விளங்கும். தோலின் தடிமனை இந்தத் தொழிலில் 1.2-1.4 என்று எல்லை வைத்துக் குறிப்பது வழக்கம். மில்லிமீட்டர் என்பது சொல்லாமலே புரியும். தசம எண்ணுக்கு விதி எழுதும் மாணவர் முதலில் [0-9]+.[0-9]+ என்று எழுதுகிறார். புள்ளி இந்தக் குறியீட்டில் புள்ளி அல்ல. ‘எந்த எழுத்தானாலும் சரி’ என்று பொருள். ஆகவே 250 என்ற முழு எண்ணும் தசம எண் என்று தேறிவிடும், 2-க்கும் 0-வுக்கும் நடுவில் உள்ள 5 ‘எந்த எழுத்தானாலும்’ என்பதில் அடங்குவதால். சாய்கோடு போட்டு \. என்று திருத்தினால் அது தீரும். அடுத்து, எண்கள் மைனஸாகவும் இருக்கலாமே என்று விதியின் முன்னால் -? சேர்க்கிறார். இப்போது 1.2-1.4 என்பது 1.2 என்றும் மைனஸ் 1.4 என்றும் இரண்டு எண்களாக வெட்டப்படுகிறது. நடுவில் இருந்த எல்லைக்கோடு காணாமல் போய்விட்டது. பட்டியல்களில் மட்டும் நேர்வதல்ல இது. எந்த நிரல்மொழியிலும் 7-3 என்ற கழித்தல் இப்படியே உடையும். அந்தக் கோடு எண்ணின் அடையாளமா, கழித்தலா, எல்லையா என்பது அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஸ்கேனருக்கு முன்னும் பின்னும் கிடையாது. ஆகவே கோட்டைத் தனி டோக்கனாக விட்டு, எண்ணுக்கு எண் மட்டும் என்று விதியைக் குறைப்பதே சரியான திருத்தம். விதி சுருங்கும்போது ஸ்கேனர் சரியாகிறது.

மேற்கோளுக்குள் வரும் நிறப்பெயர்களிலும் இதே கதை. ஒரு வரியில் "கருப்பு", "பழுப்பு" என்று இரண்டு இருந்தால், மேற்கோளுக்கு ".*" என்று எழுதிய விதி முதல் குறியில் தொடங்கிக் கடைசிக் குறியில்தான் நிற்கும். மிக நீளமானது வெல்லும் என்பது சட்டம் அல்லவா? இரண்டு நிறமும் நடுக்காற்புள்ளியும் சேர்ந்து ஒரே டோக்கனாகிவிடும். ‘மேற்கோள்குறி அல்லாத எழுத்துகள்’ என்று சொல்லும் "[^"]*" என்ற வடிவம் இதைத் தடுக்கும். (லெக்ஸ் கோப்பில் மேற்கோள்குறிக்கு முன்னும் சாய்கோடு தேவை, படிக்க எளிதாக இங்கே விட்டிருக்கிறேன்.)

இனி வாதத்தின் நடு. 42-ஐ வெறும் ‘எண்’ என்று மட்டும் அனுப்பினால் போதுமா, இத்தனை இலக்கம் என்றால் இன்னது என்று விதியிலேயே சொல்லிவிடலாமே என்று ஒருவர் கேட்கலாம். நான்கு இலக்கம் சரக்குக் குறியீடு, ஆறு இலக்கம் பின்கோடு, இரண்டு இலக்கம் சைஸ். கையில் உள்ள பத்துப் பட்டியல்களில் இது அழகாக வேலை செய்யவும் செய்யும். ஆனால் தோல் மேற்புறம் கொண்ட காலணிக்கான நான்கு இலக்கக் குறியீடு 6403. யாரோ ஒருவர் 6403 ஜோடிக்கு ஆர்டர் கொடுக்கும் நாளில் விதி சத்தமில்லாமல் பொய் சொல்லும். அந்தக் குறியீட்டை ஆறு இலக்கத்துக்கு நீட்டினால் 640399 என்று ஒன்று வரும். ஆம்பூரின் பின்கோடு 635802. வடிவத்தால் இரண்டும் ஒன்றே. இதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. பொருள் மாறிக்கொண்டே இருக்கும், வடிவம் அவ்வளவு மாறாது. ஆம்பூரும் வாணியம்பாடியும் வேலூர் மாவட்டம் என்று 2019 வரை எழுதினோம். அந்த ஆண்டு மாவட்டம் மூன்றாகப் பிரிந்து, இரண்டும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. பின்கோடு அப்படியே இருக்கிறது. சரக்கு வகைப்பாடு 2017-லும் 2022-லும் திருத்தப்பட்டது. குறியீடு இலக்கங்களின் வரிசை என்பது மட்டும் மாறவில்லை. பொருளை ஸ்கேனரில் பதித்தவர் ஒவ்வொரு அரசாணைக்கும் விதியைத் திறந்து திருத்த வேண்டும்; அடுத்த படியில் ஓர் அட்டவணையில் வைத்தவர் ஒரு வரியை மாற்றினால் போதும்.

வடிவமும் சில நேரம் மாறுமே என்றால், ஆம், மாறும். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது, தமிழக வணிகர்களின் 11 இலக்க டின் எண் போய், 15 எழுத்து ஜிஎஸ்டி எண் வந்தது. இந்த 15 எழுத்துக்கு ஒழுங்கான அமைப்பு உண்டு: மாநில எண் இரண்டு இலக்கம் (தமிழ்நாட்டுக்கு 33), பிறகு பான் எண்ணின் பத்து எழுத்து, பதிவின் வரிசை எழுத்து ஒன்று, வழக்கமாக ‘இசட்’ ஒன்று, கடைசியில் சரிபார்ப்பு எழுத்து. விதி எழுதக் கற்பவருக்கு இதைக் கண்டதும் கை துறுதுறுக்கும். இத்தனை துல்லியமான அமைப்பை விதியாக எழுதினால் தப்பான எண் உள்ளே வரவே வராதே! இந்த எதிர்வாதத்தைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. தொடக்கத்திலேயே பிழையைப் பிடிப்பது நல்லதுதானே. சரிபார்ப்பு எழுத்தைக்கூட ரெகுலர் எக்ஸ்பிரஷனால் சோதிக்க முடியாது என்று சொல்வது தத்துவப்படி தவறு. பதினைந்து எழுத்துத் தொடர்கள் எண்ணிக்கையில் முடிவுள்ளவை; முடிவுள்ள எந்தத் தொகுப்புக்கும் விதி எழுதலாம். எழுதினால் அதை எந்த மனிதரும் படிக்க முடியாது, அவ்வளவுதான்.

ஆனால் இப்படிப் பாருங்கள். தட்டச்சுப் பிழையால் ஓர் எழுத்து விடுபட்டு 14 எழுத்துடன் ஓர் எண் வருகிறது. கறாரான விதி அதை ஏற்காது. ஏற்காவிட்டால் ஸ்கேனர் நின்றுவிடும் என்று நினைப்பதுதான் தவறு. அது அடுத்து நீளமாகப் பொருந்தும் விதியைத் தேடும். 33 என்பதை ஓர் எண்ணாக வெட்டும், பின்னால் வரும் ஐந்து எழுத்தைப் பெயராக, அடுத்த நான்கு இலக்கத்தை இன்னோர் எண்ணாக வெட்டும். அடுத்த படிக்கு இந்தச் சில்லுகள் போய்ச் சேர்ந்ததும், ‘இங்கே பெயரை எதிர்பார்க்கவில்லை’ என்று ஒரு செய்தி திரையில் வரும். பட்டியலை ஏற்றியவர் தலையைச் சொறிவார். ‘எழுத்தும் இலக்கமும் கலந்த தொடர்’ என்று தளர்வான ஒரு விதி இருந்திருந்தால், அந்த 14 எழுத்தும் ஒரே டோக்கனாக அடுத்த படிக்குப் போயிருக்கும். ‘ஜிஎஸ்டி எண்ணில் ஓர் எழுத்துக் குறைகிறது’ என்று அங்கே தெளிவாகச் சொல்லியிருக்கலாம். பழைய டின் எண்ணும் அதே விதியில் அடங்கியிருக்கும். கெட்ட சரக்கையும் முழுசாகத் தூக்கிக் கொடுப்பதுதான் ஸ்கேனரின் வேலை. நல்லதா கெட்டதா என்று பார்க்கிறேன் பேர்வழி என்று அதைக் கிழித்துவிட்டால், பிறகு யாராலும் தரம் பார்க்க முடியாது.

தமிழில் நிரல் எழுதினால் என்ன ஆகும் என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் பாடநூல்கள் சொல்லாத சங்கதிகள் அங்கேதான் இருக்கின்றன. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்ற நிரல்மொழி பைத்தானில் எழுதப்பட்டது. 2009-ல் அதைப் பற்றி அவர் கட்டுரை வெளியிட்டார். பதிப்பி, ஆனால், இல்லை, வரை, முடி என்பவை அதன் ஒதுக்கப்பட்ட சொற்கள். இவற்றைக் கொண்ட ஒரு மொழிக்கு நாமே ஸ்கேனர் எழுதுவதாகக் கொள்வோம். நிரல் எழுதுபவர் ஒரு மாறிக்கு ‘முடிவு’ என்று பெயர் வைக்கிறார். ‘முடி’ என்று தொடங்குகிறதா என்று மட்டும் பார்க்கும் நிரல் அதை ‘முடி’, ‘வு’ என்று இரண்டாக்கிவிடும். நீளமானது வெல்லும் என்ற சட்டம் இதைத் தானாகவே காப்பாற்றுகிறது: பெயருக்கான விதி ஆறு குறியெண் (துணைக்குறியையும் தனியாக எண்ணும் யூனிகோடு கணக்கு) வரை போகும், ‘முடி’ விதி நான்கில் நிற்கும். தனியாக ‘முடி’ என்று வரும்போது இரண்டு விதியும் நீளத்தில் சமம். அங்கே முதலில் எழுதியது வெல்லும். ஆகவே ஒதுக்கப்பட்ட சொற்களின் விதிகள் மேலேயும் பெயருக்கான விதி கீழேயும் இருக்க வேண்டும். மாற்றி எழுதினால் ‘முடி’ ஒருபோதும் முடிக்காது. (ஃப்ளெக்ஸ் இதைக் கண்டுகொண்டு, இந்த விதி பொருந்தவே முடியாது என்று எச்சரிக்கும். எச்சரிக்கையைப் படிக்க வேண்டியது மட்டும் நம் வேலை.)

நன்னூல் படித்தவருக்கு இந்த இடம் பழகியது. தனிமொழி, தொடர்மொழி, பொதுமொழி என்று மூன்றாகப் பிரித்து, பொதுமொழிக்குத் தாமரை, எட்டு என்று காட்டுவது மரபு. ‘தாமரை’ ஒரு பூ, அல்லது தாவும் மரை. ‘எட்டு’ ஓர் எண், அல்லது எள்ளைத் தின் என்று பொருள்பட எள் து. ஸ்கேனரிடம் கொடுத்தால் எப்போதும் பூதான், எப்போதும் எண்தான், நீளமானது வென்றுவிட்டது. மனிதர் இடம் பார்த்துப் பிரிப்பார். ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கு நடுவில் இடைவெளி இல்லை, புள்ளியும் பெரும்பாலும் இல்லை, உ. வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சேற்றும்வரை பட்ட பாட்டில் ஒரு பகுதி சொற்களை எங்கே வெட்டுவது என்பதுதான். பழைய ஃபோர்ட்ரான் மொழியிலும் இடைவெளிக்கு மதிப்பில்லை. ‘டூ 10 ஐ = 1,10’ என்றால் பத்து முறை சுற்று; காற்புள்ளிக்குப் பதில் முற்றுப்புள்ளி விழுந்தால் ‘டூ10ஐ’ என்ற மாறியில் 1.10 போய் உட்காரும். வரியின் பாதியைத் தாண்டிப் படித்த பிறகே முதல் சொல் என்னவென்று தெரியும். பின்னால் வந்த மொழிகள் பெரும்பாலும் இந்தச் சுதந்திரத்தைக் கைவிட்டன. ஸ்கேனர் முட்டாளாகவே இருக்கட்டும் என்று மொழியை அதற்கேற்ப வளைத்தது, என் பார்வையில், நல்ல முடிவு.

எழுத்து எது என்பதிலும் தமிழ் ஒரு வலை விரிக்கிறது. ஆங்கில எழுத்துகளுக்கு ‘ஏ முதல் இசட் வரை’ என்று எழுதிப் பழகிய மாணவர் தமிழுக்கு [அ-ஹ]+ என்று எழுதுவார். யூனிகோடில் உயிர்மெய்யின் துணைக்குறிகளும் புள்ளியும் ஹகரத்துக்குப் பின்னால் தனிக் குறியெண்களாக இருக்கின்றன. ஆய்தமோ அகரத்துக்கு முன்னால் இருக்கிறது. ஆகவே அந்த விதி ‘முடி’ என்பதில் மகரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உகரக் கொக்கியில் மாட்டி நிற்கும். பைத்தானின் வழக்கமான ரெகுலர் எக்ஸ்பிரஷன் நூலகத்தில் ‘சொல்லெழுத்து’ என்ற குறி துணைக்குறிகளை எழுத்தாகக் கருதாததால், ‘தமிழ்’ என்ற சொல்லே ‘தம’, ‘ழ’ என்று இரண்டாக உடைந்து விழும். ஃப்ளெக்ஸில் நிலைமை இன்னும் மோசம். அது எழுத்தையே பார்ப்பதில்லை, பைட்டைப் பார்க்கிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட். முதலாவது எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175, மூன்றாவது 128-க்கும் 191-க்கும் இடையில். [அ-ஹ] என்பதை அது 133 முதல் 224 வரை உள்ள பைட்டுகள் என்று புரிந்துகொள்ளும். உகரக் குறியின் பைட்டுகள் 224, 175, 129. முதல் இரண்டும் உள்ளே, மூன்றாவது வெளியே. ஸ்கேனர் ஓர் எழுத்தின் நடுவயிற்றில் நின்றுவிடும். மூன்று பைட்டுகளையும் அவற்றின் எல்லைகளோடு அடுத்தடுத்து எழுதி ஒரு தமிழ்க் குறியெண் என்று விதி செய்தால் சரியாகும். தமிழ் எண்களும் ரூபாய்க் குறியும்கூட அதில் சேர்ந்து வரும். வரட்டும், அவற்றை வடிகட்டுவது அடுத்த படியின் வேலை.

இவ்வளவு பாடுபடுவானேன், ஜிசிசி, கிளாங் போன்ற பெரிய கம்பைலர்களே லெக்ஸைப் பயன்படுத்தாமல் ஸ்கேனரைக் கையால்தானே எழுதுகின்றன என்பது இன்னொரு எதிர்வாதம். உண்மைதான். வேகத்துக்கும் நல்ல பிழைச் செய்திகளுக்கும் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் கையால் எழுதிய அந்த நிரலைத் திறந்து பார்த்தால், உள்ளே நடப்பது இதே நீளமானது வெல்லும் சட்டம்தான். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் விதியை எழுதித் தராதா என்றால், தரும். ஆனால் 1.2-1.4 என்பது உங்கள் பட்டியலில் எல்லையா கழித்தலா என்று நீங்கள் சொல்லாமல் அதற்குத் தெரியாது. இன்னொரு ஆபத்தும் உண்டு. லெக்ஸ் வகைக் கருவிகள் விதிகளை முடிவுள்ள நிலைகள் கொண்ட பொறியாக மாற்றிவிடுவதால் பொதுவாக ஒவ்வோர் எழுத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டே முன்னேறும். நூலகங்களில் பரவலாகக் கிடைக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் எந்திரங்கள் பல அப்படியல்ல. பொருந்தாவிட்டால் பின்வாங்கி வேறு வழி பார்க்கும். 2019 ஜூலை 2-ல், பல இணையதளங்களின் போக்குவரத்தைக் கையாளும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தில் .* அடுத்தடுத்து வரும் ஒரு விதி இப்படிப் பின்வாங்கியே அதன் கணினிகளை மூச்சுத்திணற வைத்தது. உலகெங்கும் ஏராளமான இணையதளங்கள் ஏறக்குறைய அரைமணி நேரம் முடங்கின. விதியை எழுதுபவருக்கு, அது ஓடும் எந்திரமும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே விதிகளை எழுதி முடித்ததும், கடைசியாக, எதற்கும் பொருந்தாத எழுத்தைப் பிடித்துப் புகார் சொல்லும் ஒரு விதியைச் சேருங்கள். இல்லாவிட்டால் லெக்ஸ் அப்படிப்பட்ட எழுத்துகளைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளிவிட்டு மேலே போய்விடும். பிறகு ‘ஆம்பூர்’ என்ற ஒரு சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். கண்ணுக்கு நான்கு எழுத்து, யூனிகோடில் ஏழு குறியெண், கோப்பில் 21 பைட். ஒரே டோக்கனாக வெளியே வர வேண்டும்.